நேர்கோட்டில் நின்ற சாயம்

அத்தியாயம் 4

எங்கள் மாடிக்கு ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் கண் டெஸ்ட்டுக்கு வந்தவர்கள். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே 'மைக்ராஸ்கோப் ஆலோசனை' என்று ஒரு போர்டு. வேறு என்ன நினைப்பார்கள்? நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரில் இருப்பதை உரக்க வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சரியாக வாசித்தவர்களை "பார்வை நல்லாத்தான் இருக்கு" என்று நானே சொல்லி அனுப்பிவிடுவேன்.

அன்று காலை பத்து மணிக்கு வந்த அம்மாள் கண்ணைப் பொத்தவில்லை. சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்தார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். துண்டைப் பிரித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதுக்குள்ள என் தம்பி இருக்கான்," என்றார்.

அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்கிற பெண் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த மாடியைப் பிடித்தார். மற்றவர்கள் முடித்துவைத்த கேஸை மறுபடி திறப்பதுதான் இப்போது அவர் தொழில். நான் அவருடைய டெக்னீஷியன், உதவியாளன், டீ வாங்கி வருகிறவன். பதினைந்து வருஷமாகத் திசுக்களுக்குச் சாயம் போட்டுப் போட்டு என் நகமெல்லாம் ஊதா. பெயரும் அதுவே ஆகிவிட்டது. எங்களிடம் துப்பாக்கி கிடையாது. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பிளாஸ்க், என்னுடைய வாய். மூன்றாவதை மூடி வைக்க டாக்டர் பலமுறை முயன்று தோற்றிருக்கிறார்.

"உட்காருங்க. விவரமா சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். தம்பி நீச்சல் கோச். ரெண்டு மாசமா அவனுக்குக் கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. வெட்டி எடுத்துப் பார்த்துட்டு லிம்ஃபோமா, ஒரு வகைப் புத்துநோய்னு சொல்லிட்டாங்க. அதுலயும் டி வகையாம், கொஞ்சம் முரட்டு வகைன்னு ரிப்போர்ட். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு முதல் மருந்து ஏத்தப் போறாங்க."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

"சந்தேகம் எனக்கு இல்ல. மருந்து கொடுக்கப் போற டாக்டருக்கு. அவனைப் பார்த்தா பி வகை மாதிரி இருக்கு, ரிப்போர்ட் டி-ன்னு சொல்லுது, இன்னைக்குள்ள உங்ககிட்ட ஒரு தடவை காட்டிடுங்கன்னார். பி-யா இருந்தா கூட ஒரு மருந்து சேர்க்கலாமாம். அதுல பாதிப் பேருக்கு மேல முழுசா குணமாகிடறாங்களாம். டி-யா இருந்தா அந்த மருந்து பிரயோஜனமில்லையாம். வாய்ப்பும் குறைவாம்." அதுவரை கரும்பலகையில் எழுதுவதுபோல் தெளிவாக வந்த குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஒரே தம்பி, டாக்டர்."

டாக்டர் பெட்டியைத் திறந்து முதல் ஸ்லைடை எடுத்தார். எங்களுடையது இரட்டைத் தலை மைக்ராஸ்கோப். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் கண்ணை வைத்தோம்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நெறிக்குள் குடியிருக்கும் செல்களில் பி, டி என்று இரண்டு பெரிய குடும்பம். அதில் யாராவது கட்டுமீறிப் பெருகினால் அதுதான் லிம்ஃபோமா. சாதாரணச் சாயத்தில் இரண்டு குடும்பமும் அச்சு அசல் ஒரே முகம். அதனால் தனிச் சாயம் போடுவோம். சி.டி. இருபது என்ற மருந்தைச் சொட்டினால் அது பி குடும்பத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் பழுப்பாகும். சி.டி. மூன்று டி குடும்பத்தின் மேல் ஒட்டும். குற்றவாளி எந்தச் சாயத்தில் பழுப்பாகிறானோ அதுதான் அவன் குடும்பம். அவ்வளவுதான் பாடம்.

"சி.டி. மூணு. என்ன தெரியுது ஊதா?"

"ஏகப்பட்ட பழுப்பு. டி குடும்பம் வேன் வெச்சு வந்து இறங்கியிருக்கு."

"பழுப்பானவங்க எல்லாம் என்ன சைஸ்?"

"பொடிசு."

"நம்ம ஆளு?"

நான் மறுபடி பார்த்தேன். நோய் பிடித்த செல்கள் தடித்தடியாக, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பழுப்பாகவில்லை.

"பெருசு எதுவும் மாட்டல டாக்டர்."

"வேடிக்கை பார்க்க வந்தவங்களைப் பிடிச்சு உள்ள போட்டுட்டு, திருடன் கிடைச்சிட்டான்னு எழுதியிருக்காங்க. அடுத்த ஸ்லைடு வை."

அடுத்தது சி.டி. இருபது. பழுப்பு என்ற பேச்சே இல்லை. மூலைக்கு மூலை தேடினேன்.

"சுத்தம். பி குடும்பத்துல ஒருத்தர்கூட இல்ல. அப்போ டி-ன்னு எழுதினது நியாயம்தானே?"

"ஒருத்தர்கூட இல்லைங்கறதுதான் உதைக்குது. நெறிங்கறது பி குடும்பத்தோட பூர்வீக வீடு. நோய் வந்து மொத்த வீட்டையும் பிடிச்சாலும், எங்கயாவது ஒரு மூலைல நாலு அப்பாவி நிக்கணும். நாலு பேர்கூட நிக்கலைன்னா என்ன அர்த்தம்?"

"சாயமே ஏறலை. மருந்து கெட்டுப்போச்சு. கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா?"

"சாட்சியைப் பார்க்காம தீர்ப்பு சொல்லாத."

சாட்சி என்றால் டான்சில். ஒவ்வொரு ஸ்லைடிலும், பெயர் எழுதுகிற முனைக்குப் பக்கத்தில், நோயில்லாத ஒருவருடைய டான்சில் துணுக்கு ஒன்றையும் ஒட்டிவைப்போம். அதில் பி குடும்பம் நிறைய உண்டு. அது பழுப்பானால் சாயம் வேலை செய்தது என்று அர்த்தம். டாக்டர் ஸ்லைடை நகர்த்தினார். டான்சில் ஜம்மென்று பழுப்பாக இருந்தது.

"சாட்சி கூண்டுல ஏறி சத்தியம் பண்றாரு டாக்டர். சாயம் நல்ல சாயம்தானாம்."

டாக்டர் டான்சிலின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு சிரித்தார்.

"இங்க பாரு."

நோயாளியின் துணுக்கு இருக்கும் பக்கத்து விளிம்பில், டான்சிலின் பழுப்பு சட்டென்று நின்றுபோயிருந்தது, ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பு. அந்தப் பக்கமும் அதே டான்சில்தான், ஆனால் வெளிறிக் கிடந்தது.

"உடம்புல எந்தச் செல்லாவது நேர்கோடு போட்டு நீ பார்த்திருக்கியா?"

"நான் போட்ட கோடே நேரா வந்ததில்ல, செல்லு எங்க போடும்?"

"பின்ன யாரு போட்டது?"

பின்னாலிருந்து டீச்சர் குரல் கேட்டது.

"தண்ணி போடும் டாக்டர். தொட்டியைச் சாய்ச்சா தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கும். அதோட விளிம்பு நேர்கோடாத்தான் நிக்கும்."

"டீச்சர், சம்பளத்தோட ஒரு உதவியாளர் வேலை காலியாகப் போகுது, வர்றீங்களா?" என்றார் டாக்டர். என் வேலையைத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்கே விளங்கியது. சாயம் ஊறுகிற நேரத்தில் இந்த ஸ்லைடு சாய்ந்து கிடந்திருக்கிறது. மருந்தெல்லாம் பெயர் எழுதிய முனைக்கு வழிந்து, டான்சிலை நனைத்துவிட்டு நின்றுவிட்டது. நோயாளியின் துணுக்கு மேட்டில் காய்ந்து கிடந்தது. சாட்சி பொய் சொல்லவில்லை. தான் நனைந்ததைத்தான் சொன்னது.

டீச்சர் எழுந்தே விட்டார். "அப்போ தம்பிக்கு பி வகைதானா?"

"அவசரப்படாதீங்க. எழுதின விடை தப்புன்னு மட்டும்தான் இப்போ தெரியும். சரியான விடை என்னன்னு மறுபடி சாயம் போட்டாத்தான் தெரியும். துணுக்கோட மிச்சம் இந்த ரிப்போர்ட் கொடுத்த லேப்லதான் இருக்கு. ஆனா ஏன் சாய்ஞ்சதுன்னு கண்டுபிடிக்காம அங்கயே மறுபடி போட்டா, அதே பொய்தான் மறுபடி வரும்." டாக்டர் ரிப்போர்ட்டின் தலைப்பைப் பார்த்தார். "ஊதா, இது நீ ஆறு வருஷம் குப்பை கொட்டின லேப்தானே?"

"குப்பை கொட்டலை, பொன்னா கொட்டினேன். அங்க என்னைப் பத்திக் கேட்டா இன்னும் சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க."

"சிரிப்பாங்க, சிரிப்பாங்க. ஸ்கூட்டரை எடு."

பதினொன்றரைக்கு நாங்கள் அந்த லேபின் சாய அறைக்குள் நின்றோம். நாலடி மேஜை, மேலே இரண்டு அலமாரித் தட்டு, மூலையில் சிங்க். எதுவும் மாறவில்லை. நான் உட்கார்ந்த ஸ்டூலில் இப்போது அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. ரத்தப் பரிசோதனைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். நான் வேலையை விட்ட கடைசி மூன்று நாளில் இந்த அறையை அவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"என் சாயத்துல குறையா? தம்பி, நீயா இப்படிச் சொல்ற?"

"குறைன்னு சொல்லலைக்கா. விசாரணைன்னு சொல்றேன். கைது எல்லாம் அப்புறம்தான்."

"நீ சும்மா இரு," என்றார் டாக்டர். "அம்மா, உங்க மேல பழி போட வரலை. நாளைக்குக் காலைல ஒருத்தருக்கு மருந்து ஏத்தப் போறாங்க. அது எந்த மருந்துன்னு இந்த மேஜைதான் சொல்லணும். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

அக்கா குடிக்கக் கொடுத்தார். டாக்டர் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தண்ணீர் இம்மியும் சாயவில்லை. மேஜையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார்.

"மேஜை நிரபராதி," என்றேன்.

மருந்து பாட்டிலை எடுத்துத் தேதி பார்த்தோம். அதுவும் நிரபராதி. அப்புறம் டப்பாக்கள். சாயம் ஊறும்போது ஸ்லைடு காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மூடி போட்ட டப்பாவில் ஈரத்தாளை விரித்து, தண்டவாளம் மாதிரி நீளவாக்கில் இரண்டு கண்ணாடிக் கம்பிகளை வைத்து, அதன் குறுக்கே ஸ்லைடுகளை அடுக்குவோம். மேஜைமேல் அப்படி இரண்டு டப்பா இருந்தது. இரண்டிலும் கம்பிகள் ஒழுங்காக இருந்தன. டாக்டர் வெற்று ஸ்லைடு வைத்துத் தண்ணீர் சொட்டிப் பார்த்தார். சொட்டு போட்ட இடத்திலேயே நின்றது.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மறுபடி சாயம் போட முழுசாக நாலு மணி நேரம் வேண்டும். டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"இந்த டப்பாவுல எத்தனை ஸ்லைடு பிடிக்கும்?"

"பத்து," என்றார் அக்கா.

"அன்னைக்கு மொத்தம் எத்தனை போட்டீங்க?"

அக்கா நோட்டைப் புரட்டினார். "இருபத்திரெண்டு."

"ரெண்டு டப்பாவுல இருபது. மிச்சம் ரெண்டு எங்க படுத்துச்சு?"

அக்கா கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "அட ஆமா! மூணாவது டப்பா. அதை எப்பவாவதுதான் எடுப்போம். கடைசி ரெண்டும் நீச்சல்காரரோடதுதான். சி.டி. மூணை இந்தக் கோடியிலயும் சி.டி. இருபதை அந்தக் கோடியிலயும் வெச்சேன், ஒண்ணோட ஒண்ணு இடிக்க வேணாம்னு."

ஸ்டூல்மேல் ஏறி மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்தேன். ஒரு பக்கம் கண்ணாடிக் கம்பி. மறுபக்கம் கம்பிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டிராப்பர் படுத்திருந்தது. அதன் தண்டு சரியாகக் கம்பியின் பருமன்தான். ஆனால் சி.டி. இருபதை வைத்ததாக அக்கா சொன்ன கோடியில், அமுக்கிச் சொட்டு விடுகிற உருண்டைக் குமிழ் புடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் குமிழ்மேல் ஒரு ஸ்லைடை வைத்தார். ஒரு முனை தூக்கிக்கொண்டது. தண்ணீர் சொட்டினார். அது மறுமுனைக்கு ஓடிப்போய், பாதி வழியில் நேர்கோடு போட்டுக்கொண்டு நின்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் கை தட்டுவேன். அன்று தட்டவில்லை. அந்த டிராப்பரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை யாரு இங்க வெச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான். கம்பி உடைஞ்சு போச்சு. புதுசு கேட்டு ஸ்டோருக்கு எழுதிக்கொடுத்து மூணு வாரமாச்சு, வரலை. கம்பி இல்லேன்னா டிராப்பரைப் போட்டுக்கலாம்னு..." அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பிதானே சொல்லிக்கொடுத்துச்சு."

நான் டிராப்பரின் குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா," என்றேன், "குமிழை வெட்டிட்டுப் போடணும்னு நான் சொன்னேனா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லையே தம்பி. டிராப்பர் போட்டுக்கோங்கன்னுதான் சொன்ன."

நான் எப்போதும் வெட்டுவேன். கத்திரியை எடுத்துக் குமிழை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டை மட்டும்தான் வைப்பேன். ஆறு வருஷத்தில் கைக்கு அது அவ்வளவு பழகிப்போய், சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அந்த மூன்று நாளும் நான் வாய் ஓயாமல் பேசினேன். ஸ்டோர்க்காரரைப்போலப் பேசிக் காட்டினேன், மேனேஜர் நடையை நடந்து காட்டினேன், அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார். கத்திரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ ஒரு நீச்சல்காரர் ஒரு மருந்தை இழக்க இருந்தார், என் அரைகுறைப் பாடத்தால். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் டிராப்பரை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"முதல்ல வேலை. வருத்தத்தை அப்புறம் வெச்சுக்கலாம். நல்ல டப்பாவுல, நீயே போடு. அக்கா கூட நிக்கட்டும்."

போட்டேன். துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டையிலிருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, மெழுகு போகச் சூடாக்கிக் கழுவி, சாயம் பிடிப்பதற்காக வேகவைத்து, ஆறவிட்டு, மருந்து சொட்டி மூடினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

"என்ன ஊதா, ரேடியோ ரிப்பேரா?" என்றார் டாக்டர் மூன்று மணிக்கு.

"ஸ்டேஷன் கிடைக்கலை டாக்டர்."

நாலே காலுக்கு ஸ்லைடு தயாரானது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட இளம் டாக்டரும் வந்து சேர்ந்தார். ஒரே ஆளாக ஒரு நாளைக்கு அறுபது கேஸ் பார்க்கிறவர், கண்கள் சிவந்திருந்தன. அவரும் எங்கள் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் கண்ணை வைத்தார்கள். நானும் அக்காவும் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஒரு நிமிஷம் போல நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

"ஊதா, வந்து பாரு," என்றார் டாக்டர்.

குனிந்து பார்த்தேன். டான்சில் முழுக்கப் பழுப்பு, கோடு கீடு எதுவும் இல்லை. துணுக்குக்கு நகர்த்தினேன். தடித்தடியாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், ஆளுக்கொரு பழுப்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, பளிச்சென்று நின்றார்கள். பி குடும்பம். ஒருவன் பாக்கியில்லை. எனக்குக் கண் கலங்கி எல்லாம் மங்கலாகிவிட்டது.

"லென்ஸைத் தொடைக்கணும் டாக்டர்," என்றேன்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

இளம் டாக்டர் பழைய ஸ்லைடையும் வாங்கி அந்த நேர்கோட்டைப் பார்த்தார். "நான் டான்சில் நடுவைப் பார்த்து டிக் போட்டுட்டேன் மேடம். விளிம்புக்குப் போகவே இல்ல." சாக்குச் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினார், மருந்து கொடுக்கப் போகிற டாக்டருக்கு அவரே போன் போட்டார். அக்கா இன்னொரு பக்கம் ஸ்டோருக்குப் போன் போட்டு, கம்பி இப்போதே வந்தாக வேண்டும் என்று போட்ட சத்தத்தில் கம்பி பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

ஐந்தரைக்கு நாங்கள் நீச்சல் குளத்துக்குப் போனோம். கழுத்தில் பிளாஸ்திரியோடு கோச் கரையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். இன்று வகுப்பு வேண்டாம் என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டாராம், கேட்கவில்லையாம். டீச்சர் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல், அப்படியே இருந்தார். கோச் விசிலை எடுத்துவிட்டு ஓரமாக வந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நோய் இருக்கு. அது மாறலை. ஆனா பி வகை. நாளைக்கு மருந்தோட இன்னொண்ணும் சேரும்."

"கூட ஒரு மருந்தா?" கோச் முதலில் தன் அக்காவைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "கூட ஒரு ஊசின்னு கேட்டு இவ்வளவு சந்தோஷப்படற ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

இரண்டு மாசமாக டீச்சர் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கோச் பக்கத்தில் உட்கார்ந்து ஈரக் கையால் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன். டிராப்பர், குமிழ், கத்திரி, நான் விட்ட ஒரு வார்த்தை எல்லாம். கோச் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பதினெட்டு வருஷமா நீச்சல் சொல்லித்தர்றேன் தம்பி," என்றார் கடைசியில். "நான் சொன்னதுல பாதியைக் கேட்டுக்கிட்டு ஆழத்துல குதிச்சவங்க எத்தனையோ பேர். சில தடவை அவங்க சரியா கேட்கலை, சில தடவை நான் சரியா சொல்லலை. ரெண்டுலயும் நான்தான் பின்னாடியே குதிச்சுத் தூக்கணும். நீங்களும் குதிச்சிட்டீங்க. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மருந்தெல்லாம் முடிஞ்சதும், ஆறு மாசம் கழிச்சு வாங்க. ஒரு வார்த்தை விடாம சொல்லித்தர்றேன்."

ஆறு மாசம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் டீச்சர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்தார், பையிலிருந்து பேனாவையும் டைரியையும் எடுத்தார்.

"ஆறு மாசம்னா எந்தத் தேதி? சரியா சொல்லு," என்றார் தம்பியிடம். "எழுதி வெச்சுக்கறேன்."